குங்கிலியம் வைத்து அடைத்த புண்

என் வாய் ஊரறிந்த வாய். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் மீன்காரிகளே என்னிடம் பேரம் பேசத் தயங்குவார்கள். "அவ வாயில விழுந்தா எந்திரிக்க முடியாதுளா" என்று என் காதுபடவே சொல்லுவார்கள். அந்த வாயால் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அவற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பொய்யைக் கேட்டுக் கோபப்பட வேண்டியவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது உலகச் சண்டைக்காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு இருபது வயது, இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் சங்கு குளிப்பவர். முத்துக்குளிப்பு எப்போதாவதுதான் வரும், சங்குதான் ஆண்டுதோறும் எங்களுக்குச் சோறு போட்டது. விடிகாலையில் வள்ளத்தில் ஏறிப் போவார்கள். கல்லைப் பிடித்து ஆழத்தில் இறங்கி, மூச்சு முட்டும்வரை சங்கு பொறுக்கி, மத்தியானத்துக்குக் கரை திரும்புவார்கள். மூச்சும் காலும் சரியாக இருக்கிறவரைக்கும்தான் ஒருவன் குளிகாரன்.

மாமனார் தோணிகளுக்குக் கலப்பத்து அடிப்பவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியப் பிசினை அதன்மேல் பூசி, சொட்டுத் தண்ணீர் ஏறாமல் அடைப்பதுதான் அந்த வேலை. அவர் அடைத்த தோணி கொழும்புக்குப் போய்த் திரும்பினாலும் உள்ளே ஈரம் இருக்காது என்று பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா, அவர் மகன், நான், குழந்தை, அவ்வளவுதான் வீடு.

என் வாய்க்கு ஈடுகொடுத்த ஒரே ஆள் மாமாதான். குழம்பில் உப்புக் குறைந்தால், "ஏளா மருமவளே, கடல் பக்கத்துலதான கெடக்கு, ஒரு கை அள்ளிப் போடப்படாதா?" என்பார். நானும் விடமாட்டேன். "கடல் தோணிக்குள்ள வராத மாதிரி என் சட்டிக்குள்ளயும் வராம அடைச்சிட்டியளே மாமா, நான் என்ன செய்ய?" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்பார். சொந்தத் தகப்பனிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

கலப்பத்துக்காரர்களுக்குள் ஒரு வைத்தியம் இருந்தது. உளி பட்டாலும் ஆணி ஏறினாலும், தோணிக்குக் காய்ச்சிய அதே குங்கிலியத்தைப் பஞ்சில் தோய்த்துச் சூட்டோடு புண்ணுக்குள் திணித்து, மேலே இன்னொரு பூச்சுப் பூசிவிடுவார்கள். காய்ந்தால் கல்லாகிவிடும். பத்துப் பதினைந்து நாளில் தானாக உதிரும்போது அடியில் புதுத்தோல் இருக்கும். மாமாவின் இரண்டு கைகளிலும் அப்படி ஆறின வடுக்கள் உண்டு. "மரமானா என்ன, மாம்சமானா என்ன? ஓட்டைன்னா அடைக்கணும். அடைச்சாத்தான் கெட்டது உள்ள ஏறாது" என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆறினவர்கள் வடுவைக் காட்டினார்கள். ஆறாதவர்கள் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தார்கள், அவர்களிடம் போய் யார் கேட்பது? அவர்கள் செத்ததற்கு ஜன்னி என்றோ கண்ணேறு என்றோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

தை மாதம், ஒரு திங்கட்கிழமை. வள்ளம் கரை சேர்ந்ததும் ஆட்கள் முழங்கால் தண்ணீரில் குதித்து அதை மேலே இழுத்திருக்கிறார்கள். மணலுக்குள் புதைந்து கிடந்த திருக்கை மீனை என் வீட்டுக்காரர் மிதித்துவிட்டார். அது வாலைச் சுழற்றி முள்ளை வலது கெண்டைக்காலில் ஏற்றிவிட்டது. திருக்கை முள் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்கும். உள்ளே போவது சுலபம், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். அவரே பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கி, அங்கேயே கடலில் வீசிவிட்டார். குத்தின முள்ளைக் கடலிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கரையில் வைத்திருந்தால் வலி இறங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அந்த முள் முழுதாக வந்ததா, முனை உள்ளேயே தங்கிவிட்டதா என்று பார்க்க யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

இரண்டு பேர் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். தோணிப் பட்டறையிலிருந்து மாமா ஓடி வந்தார். கையில் குங்கிலியச் சட்டி இருந்தது. "ஏளா, அடுப்புல வச்சிக் கிண்டு, கட்டி விழப்படாது" என்றார். நான்தான் கிண்டினேன். நல்ல பதமாக வரவேண்டும் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை அகப்பையைத் தூக்கிப் பார்த்துக் கிண்டினேன். மாமா பஞ்சுத் திரியை அதில் தோய்த்து, சுண்டுவிரலால் காயத்துக்குள் தள்ளினார். இடுக்கில் இறுக்குவதுபோல இன்னும் ஒரு திரி, இன்னும் ஒரு திரி. என் வீட்டுக்காரர் கதறவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த இடம் ஒரு வாரத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

"மூணு நாள். வியாழக்கெழம நீ வள்ளத்துல இருப்ப" என்றார் மாமா.

அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது. திருக்கை குத்தினால் காய்ச்சல் வரத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தபோது கால் வீங்கித் தோல் பளபளவென்று இருந்தது. அடைப்பைச் சுற்றிச் சிவப்பாக இல்லை, செம்புச் சட்டியின் அடி மாதிரி ஒரு நிறம். குங்கிலிய மணத்துக்கு அடியில் இன்னொரு வாடையும் வந்தது. நேற்றைய மீன் சட்டியைக் கழுவாமல் மூடி வைத்துத் திறந்தால் வருமே, அப்படி.

"மாமா, ஒரு வாடை வருது. பிரிச்சுப் பாப்பமா?" என்று கேட்டேன்.

"நட்டக் கடல்ல அடைப்பப் பிரிச்சா தோணி என்னாவும்? பேசாம இரு. வாடை வந்தா மருந்து வேலை செய்யிதுன்னு அர்த்தம்" என்றார். ஆனால் அன்று அவர் பட்டறைக்குப் போகவில்லை. மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார், உதடு அசையவில்லை.

இந்த இடத்தில் மடத்துச் சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கும் கன்னியாஸ்திரி ஒருவர் இருந்தார். கையில் எப்போதும் ஒரு கறுப்புப் பை. அவருக்கும் எனக்கும் ஆகாது. ஒரு மாதத்துக்கு முன் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, சளி எடுப்பதற்காக அதன் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அதைப் பார்த்துவிட்டார். எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் பிள்ளை செத்துப்போகும் என்று, தெருவே கேட்கும்படி என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். ஊரை வாயால் அடக்குகிற எனக்கு அன்று பதில் வரவில்லை. சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது எனக்கு உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தச் சிஸ்டர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"உன் வீட்டுக்காரருக்குத் திருக்கை குத்திட்டதாகச் சொன்னார்களே, பார்க்கலாமா?" என்றார்.

என் வீட்டுக்காரர் உள்ளே காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தார். அவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரி என்றாலே வெட்டுவார்கள் என்பதுதான் எங்கள் தெருவில் பேச்சு. அடுத்த சந்தில் ஒருவர் கையோடு போய்க் கையில்லாமல் வந்திருந்தார். காலில்லாத ஆளை எந்த வள்ளத்தில் ஏற்றுவார்கள்? அந்தப் பயம் இருந்தது உண்மை. ஆனால் பயம் பாதிதான். மீதிப் பாதி வீம்பு. மறுபடியும் இந்த அம்மாள் என் வீட்டுக்குள் வந்து, நான் கிண்டிக் கொடுத்த மருந்தைப் பார்த்து, தெருவைக் கூட்டித் திட்டட்டும் என்று விட்டுவிடுவேனா?

"சின்னக் குத்து சிஸ்டர், அது அப்பவே சரியாப் போச்சு. அவிய பெரியதாழைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருக்காவ" என்றேன்.

சிஸ்டர் மூக்கைச் சுளித்தார். "என்ன மணம் இது?"

"பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தினேன். சாம்பிராணி போட்டேன்."

குழந்தை என் இடுப்பில்தான் இருந்தது. அதன் தலை நனையவே இல்லை. சிஸ்டர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "ஏதாவது என்றால் ஆள் அனுப்பு, உடனே வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பினேன். நடைக்கு உள்ளே மாமா நின்றுகொண்டிருந்தார். சட்டையை மாட்டியிருந்தார், பொத்தான் போடவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

புதன்கிழமை விடிந்தபோது என் வீட்டுக்காரர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். கயிற்றை இழு, கயிற்றை இழு என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடலுக்கடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டார். கால் முழங்கால்வரைக்கும் கறுத்திருந்தது. நான் விரலை வைத்து அழுத்தினேன். தோலுக்கடியில் நறநறவென்றது, காய்ந்த அப்பளத்தை நொறுக்குவதுபோல.

மாமா எழுந்துபோய்க் கலப்பத்து உளியை எடுத்து வந்தார். நாற்பது வருஷம் தோணி அடைத்த உளி அது. உளியின் முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பினார். அடைப்பு ஒரு வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அதன் பின்னாலேயே பழுப்பு நிறத் தண்ணீர், சோற்றுலைபோல நுரைத்துக்கொண்டு. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன், வாந்தி வந்துவிட்டது. கெட்டதை உள்ளே ஏறவிடாமல் அடைத்தோம் என்று நினைத்திருந்தோம். அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்திருக்கிறது. நாங்கள் செய்தது, அது வெளியே வரமுடியாமல் பூட்டி வைத்ததுதான்.

"வண்டி பிடி" என்று மட்டும் சொன்னார் மாமா. நான் குதிரை வண்டியைத் தேடித் தெருமுனைக்கு ஓடினேன். வண்டி வந்து சேருவதற்குள் அவர் மகனை முதுகில் போட்டுக்கொண்டு பாதித் தெரு நடந்துவிட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு எங்களிடம் வந்து, "காலை எடுத்தால் ஆள் பிழைக்கலாம். எடுக்காவிட்டால் நாளைக்கு இருக்க மாட்டார். சீக்கிரம் சொல்லுங்கள்" என்றார். எந்தச் சொல்லுக்குப் பயந்து வாசலை அடைத்தேனோ அந்தச் சொல் நேராக வந்து என் முன்னால் நின்றது. மாமாதான் கைநாட்டு வைத்தார்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். பிழைத்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் வார்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரருக்கு நினைவு திரும்பி, கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு சின்னப் பீங்கான் தட்டைக் காட்டினார். அதில் நக நீளத்துக்கு ஒரு திருக்கை முள் முனை கிடந்தது.

"இது உள்ளே இருக்கும்போதே அடைத்திருக்கிறீர்கள். முதல் நாளே திறந்து கழுவி இதை எடுத்திருந்தால் பத்து நாளில் ஓடியிருப்பார். செவ்வாய்க்கிழமை வந்திருந்தால்கூடக் காலைக் காப்பாற்றப் பார்த்திருப்பேன். யார் அடைத்தது?"

"நான்தான் ஐயா" என்றார் மாமா.

"ரெண்டு நாளும் வந்து பார்க்க ஒருத்தரும் இல்லையா? உங்கள் தெருவில் மடத்துச் சிஸ்டர் வருவார்களே?"

என் வீட்டுக்காரர் கூரையிலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"யாரும் வரல ஐயா" என்றார்.

சிஸ்டர் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னை வராந்தாவில் தனியாகப் பார்த்தார். "அன்றைக்கு அது சாம்பிராணியா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் என் வீட்டுக்காரரின் கட்டைச் சரிபார்த்து, ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். நாலைந்து மாதத்தில் அவரை வேறு ஊர் மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொடுத்த பரிகாரச் செபங்களை ஒரு காலைப் பொழுதிலேயே சொல்லி முடித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். பிறகு சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். தகப்பனோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். அப்பா என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. "அந்த ஆளுக்குச் சோறு போட்டாச்சா?" என்பார் என்னிடம். மகன் சாப்பிட்டு எழுந்து வெளியே போன பிறகுதான் மாமா உள்ளே வந்து உட்காருவார். உப்புக் குறைந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். நான் வேண்டுமென்றே உப்பில்லாமல் குழம்பு வைத்துப் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

பட்டறையில் யாருக்காவது காயம் பட்டால், காய்ச்சிய தண்ணீரால் கழுவச் சொல்லி, அவரே கையைப் பிடித்து மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். "மவன் கால அடைச்சே போக்கடிச்ச ஆளு இப்ப நமக்கு வைத்தியம் சொல்லுதான்" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சில பேர் முகத்துக்கு நேராகவும் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டே காயம்பட்டவனை இழுத்துக்கொண்டு நடப்பார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, எங்கள் வீட்டில் அந்த இரண்டு இடமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. பழி சுமந்த மாமாவுக்குத் தினமும் சோறு போட்டதும் பாவம் செய்த நான்தான்.

ஆறு வருஷம் அப்படியே போயிற்று. சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது, என் மகள் பள்ளிக்கூடம் போனாள். மாமா நெஞ்சுவலியில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தாங்க முடியவில்லை.

"மாமா, நான் அவியட்ட சொல்லிருதேன். நீங்க இருக்கும்போதே சொல்லிருதேன்" என்றேன்.

அவர் கரண்டியைத் தள்ளினார். "சொல்லப்படாது."

"நான்தான மாமா திருப்பி அனுப்புனேன்."

"நானும்தான் நடைவரைக்கும் வந்தேன். அந்தச் சிஸ்டரக் கூப்பிடணும்னுதான் சட்டைய மாட்டுனேன். நீ சொன்னதக் கேட்டதும், சரி, இன்னைக்கிப் பொழுது போகட்டும், நாளைக்கிப் பாப்பம்னு இருந்துட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவனுக்குக் கால் ஒண்ணு போச்சு. நீயும் போயிட்டா அவன் எத ஊணிட்டு நிப்பான்? பேசாம இரு."

மீதிக் கஞ்சியை ஊட்டினேன், குடித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடிக்கிற நேரத்தில் போய்விட்டார். அவர் அடைத்த தோணிகளின் ஆட்கள் வந்து தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் கட்டையை ஊன்றிக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்தார். எல்லோரும் குழியில் மண் போட்டார்கள். இவர் போடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கூட்டம் கலைந்ததும் அவருக்குச் சோறு போட்டேன். இரண்டு கவளம் சாப்பிட்டார். பிறகு கையை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சாவப்போற நேரத்துலகூட, தப்புப் பண்ணிட்டேன்டான்னு ஒரு வார்த்த சொல்லல பாத்தியாளா, அந்த ஆளு."

மாமாவின் சட்டை இன்னும் கொடியில்தான் கிடந்தது. நான் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊரையே மடக்குகிற வாய்.

"ஆமா" என்றேன்.